பின்வளவில் மர டெக்: பத்தாண்டுக்குப் பிறகு

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் மர டெக், அதாவது திறந்த பலகை மேடை, கட்டிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும், உளுக்காமலிருக்க அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம். வருகிறவர்கள் என்ன மரம், எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. டெக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

ரொறன்ரோப் பகுதியில் நிலம் உறையும் ஆழத்தை 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி என்று கணக்கிடுகிறார்கள். தூணின் அடித்தளம் அதற்கு மேலேயே நின்றுவிட்டால், ஈரமண் உறைந்து பருத்துத் தூணைத் தூக்கும். பனி இளகியதும் தூண் இறங்கும். ஒவ்வொரு தூணும் ஒவ்வோர் அளவில் ஏறி இறங்கினால் மேடை கோணிக்கொள்ளும். ஆகவே நான்கு அடிக்கும் கீழே கிடங்கு வெட்டி, அட்டைக் குழாய் இறக்கிக் கொங்கிறீட் ஊற்றினோம். பக்கத்து வீட்டு ஐயா எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, கிணறா வெட்டுகிறீர்கள்?” என்றார். வெட்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் போகும் இடத்தைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் சட்டப்படி கட்டாயம். எரிவாயுக் குழாய்க்கு மஞ்சள், மின்கம்பிக்குச் சிவப்பு என்று புல்லில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் நகரசபையின் கட்டட அனுமதி தேவை. எங்களுடையது சற்று உயரம் என்பதால் வரைபடம் கொடுத்து எடுத்தோம். இங்குள்ள பல வீடுகளைப் போலவே எங்கள் வீட்டின் செங்கல்லும் வெளிப்போர்வை மட்டுமே, பாரம் தாங்காது. அதனால் டெக்கை வீட்டோடு பிணைக்காமல் தன் கால்களிலேயே நிற்கும்படி கட்டினார் தச்சர். சுவருக்கும் மரத்துக்கும் இடையே நீர் புகுந்து உளுத்துப்போகும் தொல்லையும் இதனால் இல்லை.

மரத்தில் ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கிறது. அது சாதாரண இரும்பை அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிதான் சரி. எங்கள் திருகாணிகளின் தலையில் சதுரக் குழி, பி. எல். ரொபேட்சன் 1908இல் கண்டுபிடித்த வகை. அவரது தொழிற்சாலை இருந்த மில்ரன் இங்கிருந்து தூரமில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் திருகினால் வழுக்காமல் கழன்று வருகிறது. இந்த டெக்கில் என்னைக் கோபப்படுத்தாத ஒரே பொருள் அதுதான்.

மருந்து மரத்தின் நடுவரை போவதில்லை. மேலே சில மில்லிமீட்டர்தான். வாளால் அறுத்த முனையைப் பார்த்தால் தெரியும்: ஓரத்தில் நிறம் ஏறிய மெல்லிய வளையம், உள்ளே மருந்து ஏறாத வெளிறிய மரம். அறுத்த ஒவ்வொரு முனைக்கும் செம்பு கலந்த மருந்தைத் தூரிகையால் பூச வேண்டும். அவசரமாக வேலை செய்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். பக்கத்தில் நின்று பூசச் சொல்லுங்கள்.

பலகைகளை ஈரமாகவே நெருக்கி அடித்தார்கள். காய்ந்து சுருங்கியபின் சீரான இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிதான் இப்போது என் கோடைகால வேலை. ஜூன் மாதத்தில் மேப்பிள் விதைகள் இறகோடு சுழன்று வந்து, சரியாக, பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே அவற்றின் இடுக்கில் செருகிக்கொள்ளும். மழையில் ஊறிக் கறுத்து மண்ணாகி, சில வேளை அங்கேயே இரண்டு இலை விட்டு முளைத்தும் நிற்கும். மெல்லிய தகட்டுக் கத்தியால் அதைத் தோண்டி எடுக்காவிட்டால் சட்டத்தின் தலை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சட்டங்களின் மேல் ஒட்டும், நீர் புகாத பியூட்டைல் ரப்பர் நாடாவுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு இங்கேதான் பயன் தருகிறது.

சாயம் பற்றி எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. பெயின்ட் போல மேலே படலமாக நிற்கும் சாயம் இந்த ஊருக்கு ஆகாது. அதன் அடியில் புகுந்த நீர் உறைந்து இளகும்போது படலம் செதில் செதிலாக உரியும். அடுத்த பூச்சுக்கு முன் முழுவதையும் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ச் சாயம் மங்கும், உரியாது. கழுவிக் காயவைத்து மேலேயே பூசலாம். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இந்த ஆண்டு விடுமுறை, உடனே உறிஞ்சினால் தூரிகையை எடுங்கள். கழுவுவதற்கு ஒட்சிசன் வெளுப்புத் தூளும் நார்த் தூரிகையும் போதும். அழுத்தநீர் இயந்திரம் மர இழைகளைக் கிளப்பி, வெறுங்காலில் நடப்பவருக்குச் சிலாம்பு ஏற்றும். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிட வேண்டும்.

குளிர்காலத்தில் பெரிய வேலை இல்லை. பிளாஸ்டிக் சவளால் பலகையின் நீளவாக்கில் பனியைத் தள்ளுவேன், உப்பு போடுவதில்லை.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. மணம் வீட்டுக்குள் தங்கக் கூடாது என்று மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் டெக்கில்தான். அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெய் வட்டம் எந்தக் கழுவலிலும் முழுதாகப் போகவில்லை. இப்போது ஒரு தகரத்தை விரித்துவிட்டுத்தான் மனைவி சட்டியை வைக்கிறார். கோடையில் வெளியே வரும் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குக் கீழே கட்டை வைத்தால் ஈரவளையம் விழாது.

பக்கத்து வீட்டு ஐயா பிளாஸ்டிக் கலந்த பலகை போட்டிருக்கிறார். சாயம் பூசும் வேலை இல்லை, ஆனால் ஜூலை வெயிலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. அவருடைய மேடைக்கு அடியிலும் என்னுடையதைப் போன்ற மருந்தேற்றிய மரச்சட்டம்தான். எங்கள் படிக்கட்டுப் பலகைகள் தேய ஆரம்பித்துவிட்டதால் அதற்கே மாறலாம் என்கிறார் மனைவி. சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருப்பதால் மேடைக்குப் பொருந்தும். படிக்கு இன்னும் நெருக்கமாகத் தாங்கு கட்டைகள் வேண்டும். அதற்கான விலையை இந்த வசந்தத்தில் விசாரிக்க வேண்டும்.