மார்ட்டினி-ஹென்றில கரி படியுது: ஊதறதா, துடைக்கறதா, மெழுகு வைக்கறதா?

2003ல நேபாள ராணுவத்தோட பழைய ஆயுதக் கிடங்கையே அமெரிக்க வியாபாரிங்க மொத்தமா வாங்கிட்டு வந்தாங்க இல்லையா, அந்த சரக்குல வந்த மார்ட்டினி-ஹென்றி, அதாவது ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டு சுடற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள், ஒண்ணு இப்ப என்கிட்ட இருக்கு. ஹூஸ்டன் பக்கத்து ரேஞ்சுல இதை வெச்சு சுடறப்ப பேரலுக்குள்ள (குண்டு போற குழல்) படியற கரியை எப்படி சமாளிக்கறதுன்னு, மூச்சை ஊதி ஈரமாக்கறது, துணியால துடைக்கறது, தோட்டால மெழுகு வைக்கறதுன்னு மூணு வழியையும் பாத்துட்டு ஒண்ணுல நின்னுட்டேன். இதே ரைஃபிள் வாங்கப்போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

இந்த ரைஃபிளுக்கு போடற பிளாக் பவுடர் (பழைய காலத்து கருப்பு வெடிமருந்து) எரிஞ்சா பாதிக்கு மேல கெட்டியான கழிவாத்தான் மிஞ்சும், பொட்டாசியம் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடுன்னு எல்லாம் உப்பு வகை. ஈரமா இருந்தா வழவழன்னு கெடக்கும், அடுத்த குண்டே அதை தள்ளிட்டு போயிடும். காஞ்சுடுச்சுன்னா கல்லு மாதிரி இறுகி, அது மேல ஈயம் இழுபட்டு, குண்டு எங்க போகுதுன்னே தெரியாது, அடுத்த தோட்டா சேம்பர்ல (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற எடம்) முழுசா உக்காரக்கூட செய்யாது. அதனால மூணு வழியும் செய்யறது ஒரே வேலைதான், கரியை காயவிடாம வெக்கணும் இல்ல எடுத்துடணும்.

மெழுகு வழி இந்த ரைஃபிளோட கூடவே பொறந்தது. இந்த ரைஃபிளோட அந்த காலத்து 577/450 தோட்டால 85 கிரெய்ன் (தோட்டா எடைக்கான சின்ன அளவு) பவுடர், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் அட்டை வெச்ச தேன்மெழுகு வில்லை, அதுக்கு மேல பேப்பர் சுத்தின 480 கிரெய்ன் குண்டு. 1857ல பெரிய கலவரமாச்சே என்ஃபீல்ட் தோட்டா, அதுல கொழுப்பு தடவினதும் குண்டு கரில சிக்காம வழுக்கிட்டு எறங்கறதுக்குத்தான். அப்பவே இதுதான் தலைவலி. மெழுகுல நான் கவனிக்கறது ரெண்டு விஷயம். பெட்ரோலியம் கிரீஸ் கலக்கக்கூடாது, அது பிளாக் பவுடர் சூட்டுல தார் மாதிரி ஆயிடும், தேன்மெழுகோட மாட்டுக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ போதும். அப்புறம் அட்டை இல்லாம மெழுகை வைக்கக்கூடாது, வெயில்ல கார்ல வெச்சா உருகி பவுடர்ல எறங்கிடும். ஆனா மெழுகு மட்டும் போதுமான்னா எனக்கு போதல, பேரல் 33 இஞ்சுக்கு மேல நீளம், கடைசி கொஞ்ச இஞ்ச் வரும்போது மெழுகு தீந்துடுது. சுட்டதும் குழல் முனைய பாருங்க, ஈரமா கருப்பா நட்சத்திரம் மாதிரி படிஞ்சிருந்தா மெழுகு முனை வரைக்கும் வந்திருக்கு, வறண்டு சாம்பல் நிறமா இருந்தா வரல.

துடைக்கற வழிய எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு ஈரத் துணி, ஒரு காஞ்ச துணி. நெஜமாவே ரொம்ப நல்ல வழி, ஒவ்வொரு தடவையும் பேரல் ஒரே நிலைல இருக்கும், வெயில் மழைய பத்தி கவலையே இல்ல, தூரத்து டார்கெட் அடிக்கறவங்க இதை விடவே மாட்டாங்க. ஷார்ப்ஸ், ஹை வால் மாதிரி ரைஃபிள்னா பின்பக்கத்துல இருந்தே ராட் (துணி சொருகி தள்ற கம்பி) நேரா போகும், அழுக்கு முனை வழியா வெளிய விழுந்துடும்.

மார்ட்டினில அது நடக்காது, நான் முடிவு பண்ணினதே இந்த ஒரு விஷயத்தாலதான். லீவரை எறக்கினா பிளாக்கோட (சேம்பரோட பின்வாயை மூடற இரும்புக் கட்டை) முன்பக்கம் கீழ எறங்கும், ஆனா பின்னாடி ரிசீவர் (பிளாக் உக்கார்ற இரும்புக் கூடு) மூடியிருக்கறதால ராட் நேரா உள்ள போகாது, முனைல இருந்துதான் தள்ளணும். தள்ளினா கருப்புத் தண்ணி எங்க போகும், சேம்பர்ல எறங்கி அங்கேருந்து நேரா ஆக்‌ஷனுக்குள்ளதான் (பிளாக்கும் லீவரும் சேந்த இயக்கப் பகுதி). அந்த பிளாக்குக்கு உள்ளதான் ஸ்ட்ரைக்கரும் (தோட்டாவை குத்தி வெடிக்க வைக்கற ஊசி) அதை சுத்தின ஸ்பிரிங்கும் இருக்கு. உப்பு கலந்த தண்ணி 130 வருஷத்துக்கு மேல பழசான இரும்புக்குள்ள போய் உக்காந்தா என்ன ஆகும்னு சொல்லவே வேணாம். துடைச்சு சுட்ட அன்னிக்கு பின்னை எடுத்து பிளாக்கை கழட்டி பாத்தா ஸ்பிரிங் வரைக்கும் ஈரக் கரி. ஊதி சுட்ட அன்னிக்கு அதே எடம் கிட்டத்தட்ட சுத்தம், மேலாக்க ஒரு எண்ணெய்த் துணி போட்டா முடிஞ்சுது. பேரல் தேஞ்சா கூட உள்ள லைனர் (புது உள்குழல்) போட ஆள் கெடைக்கும், ஆனா நல்ல நிலைல இருக்கற பழைய பிளாக்கும் உள்பாகமும் தேடறது ஈசி இல்ல. முனைல இருந்து ராட் விடறப்ப ரைஃப்லிங் (குண்டை சுழல வைக்கற சுருள் வரி) ஓரம் தேயற பயமும் கூடவே இருக்கு. துணிய சேம்பருக்கு முன்னாடியே நிறுத்தி திரும்ப இழுத்துக்கலாம், சில பேர் அப்படித்தான் பண்றாங்க, ராட்ல அடையாளம் போட்டுக்கிட்டா முடியும், ஆனா அடிக்கடி பொறுமையா பண்ணணும்.

அதனால நான் ஊதற பக்கம். சுட்ட காலி கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) ஒண்ணுல, அடியில பிரைமர் (பவுடரை பத்த வைக்கற சின்ன மூடி) இருக்கற ஓட்டைய பெருசாக்கி ஒரு ரப்பர் டியூப் சொருகினா போதும். மார்ட்டினிக்கு டியூப் வளையற மாதிரி இருக்கணும், நேரான பித்தளைக் குழாய் ஆக்‌ஷன்ல இடிக்கும். கேஸை சேம்பர்ல வெச்சு, கண்ணாடி துடைக்க ஹான்னு ஊதுவோமே அந்த மாதிரி மெதுவா, சூடா ஊதணும், வேகமா ஊதினா காத்து போகுமே தவிர ஈரம் நிக்காது. எனக்கு நாலஞ்சு மூச்சு போதுது. சேம்பர்ல டியூப் கேஸ் இருக்கறதால உள்ள தோட்டா இருக்க வழியே இல்ல, பாதுகாப்புக்கும் நல்லது. குழல் முனைல மட்டும் வாயை வைக்கவே வைக்காதீங்க, காலியா இருக்குன்னு தெரிஞ்சாலும் சரி.

ஒண்ணு சொல்லணும், ஹூஸ்டன் காத்துலயே ஈரம் இருக்கு, இந்த ஊருக்கு இது சுலபம். அரிசோனா, நியூ மெக்சிகோ மாதிரி காஞ்ச எடத்துல சுட்ட அனுபவம் எனக்கு இல்ல, அங்க சுடறவங்க எட்டு பத்து மூச்சு ஊதியும் சில நாள் துணிக்கு மாறறாங்க. அதனாலதான் நான் ஊதறதோட மெழுகு வில்லையையும் சேத்தே வெக்கறேன், முனை பக்கம் மூச்சு ஈரம் குறையறதை மெழுகு கொஞ்சம் ஈடு கட்டுது.

பவுடரும் முக்கியம். ஸ்விஸ்ங்கற பிராண்ட் பவுடர் கரி மெத்துன்னு ஈரமா படியுது, விலைதான் கூட. பைரோடெக்ஸ்ல (பிளாக் பவுடருக்கு மாத்தா விக்கறது) கரி குறைவா தெரியும், ஆனா அதுல பெர்குளோரேட் இருக்கு, எரிஞ்சா மிஞ்சறது குளோரைடு உப்பு, பழைய பேரலுக்கு நான் போட மாட்டேன். ஸ்மோக்லெஸ் (இந்த காலத்து புகையில்லா பவுடர்) பத்தி பேசவே வேணாம், இந்த ரைஃபிளுக்கு அது ஆகாது.

எந்த வழில சுட்டாலும் அன்னிக்கே வெந்நீர்ல கழுவிடுங்க, உப்பு தண்ணிலதான் கரையும், சாதா கன் சால்வென்ட் அதை தொடாது. சேம்பர்ல ஒரு துணிய அடைச்சு, முனைய கீழ பாத்த மாதிரி சாய்ச்சு வெச்சு கழுவினா ஆக்‌ஷனுக்குள்ள சொட்டு தண்ணி எறங்காது. கேஸையும் பிரைமர் எடுத்துட்டு அப்பவே தண்ணில போட்டுடுங்க, மறுநாள் வரைக்கும் விட்டா பித்தளை பச்சை பூத்துடும்.