நாலு குளிர்காலம், ரெண்டு போர்டு

"மச்சி, உன் ஆர்கேட் வீடியோ கேம் பெட்டிக்குள் இருக்கிற அந்த மலிவு யூஎஸ்பி போர்டு எப்படி? வாங்கலாமா?" என்று சென்னையிலிருந்து நண்பன் கேட்டிருக்கிறான். போன வாரம்தான் செத்துப்போன இரண்டாவது போர்டைக் கழற்றி வைத்தேன். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

பெட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கணினி, சான்வா கம்பெனி ஜாய்ஸ்டிக் இரண்டு, 30 மி.மீ. பட்டன்கள். பட்டன்களுக்கும் பைக்கும் நடுவில் நின்று, அழுத்தியதை யூஎஸ்பி வழியாகச் சொல்வதுதான் 'ஜீரோ டிலே' என்று போட்டு விற்கிற பெயரில்லாத போர்டு, ஆளுக்கு ஒன்று. சால்டரிங் வேண்டாம், டிரைவர் வேண்டாம், செருகினால் வேலை செய்யும். நாலு வருடமாகப் பிள்ளைகள் அடித்த அடிக்கு அது எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை அதன்மேல் ஒரு புகாரும் கிடையாது.

மிச்ச மூன்று மாதம்தான் பிரச்சினை. நான் இருப்பது கனடாவின் கால்கரியில். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். கம்பளி சாக்ஸோடு நைலான் கார்பெட்டில் எட்டடி நடந்து வந்து ஜாய்ஸ்டிக்கைத் தொட்டால் விரலில் 'சுள்', உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம். அந்தச் சுள் நமக்கு உறைப்பதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டுமாம். போர்டிலுள்ள சில்லுக்குச் சில நூறு வோல்ட்டே போதும், நமக்குத் தெரியாமலே கதை முடிந்துவிடும்.

முதல் இரண்டு குளிர்காலம் வெறும் தொல்லை. சுள் என்றதும் போர்டு ஒரு நொடி காணாமல் போகும், திரும்ப வரும், அதற்குள் ஆட்டத்தில் நான் செத்திருப்பேன். மூன்றாவது குளிர்காலத்தில் தங்கை மகன் விளையாடிக்கொண்டிருந்தபோது, "மாமா, இவன் தானாவே உதைக்கிறான்" என்றான். உண்மைதான். இரண்டாம் ஆட்டக்காரரின் கிக் பட்டன் அழுத்தியபடியே நின்றுவிட்டது.

இங்கேதான் நான் இரண்டு சனிக்கிழமையைத் தொலைத்தேன். மைக்ரோ சுவிட்ச் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து அதை மாற்றினேன், பிறகு வயரை மாற்றினேன். கடைசியில்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: போர்டிலிருந்து அந்தப் பட்டனின் வயரையே பிடுங்கினேன். வயரே இல்லாமலும் திரையில் பட்டன் அழுந்தித்தான் இருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். மற்ற சாக்கெட்டுகளில் வயரைக் கழற்றினால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, இதில் 0.2. சில்லுக்குள் அந்தப் பட்டனுக்கான கால் மட்டும் கிரவுண்டோடு, அதாவது பூஜ்ய வோல்ட்டோடு, ஒட்டிவிட்டது; பட்டனை அழுத்தினாலும் அதுதான் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கருகலும் இல்லை, வாசனையும் இல்லை.

மின்சாரம் எந்த வழியாகப் போனது? ஜாய்ஸ்டிக்கின் உருண்டை பிளாஸ்டிக், அது குற்றவாளி இல்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கிற நாலு போல்ட்டின் தலை பலகைக்கு மேலே தெரியும். கை ஓய்வெடுப்பதே அதன்மேல்தான். போல்ட்டிலிருந்து கீழே இரும்புத் தகடு, தகட்டில் உரசியபடி வயர்க் கட்டு, அங்கிருந்து நேரே போர்டு. அழகுக்காகக் குரோம் போல்ட் போட்டவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அதிபுத்திசாலித்தனமாக அந்தத் தகட்டைப் போர்டின் கிரவுண்டிலேயே இணைத்தேன். மறுநாள் ஒரே சுள்ளில் பை முழுசாக ரீஸ்டார்ட் ஆனது, இந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது போர்டும் போனது. மின்னலுக்கு நானே வாசல் திறந்து கோலம் போட்டிருக்கிறேன்! செய்ய வேண்டியது வேறு: தகட்டிலிருந்து தனியாக ஒரு பச்சை வயரை எடுத்து, பவர் சப்ளையின் எர்த் திருகில் முடுக்க வேண்டும், வயர்க் கட்டைத் தகட்டிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். செலவு ஒரு காபிக் காசுகூட இல்லை. இப்போதும் சுள் என்று கடிக்கிறது, ஆனால் ஆட்டம் அசையவில்லை.

பழைய ஆர்கேட் கடைகளில் சில பையன்கள் லைட்டரின் பொறியைக் காசு போடும் இடத்தில் அடித்து ஓசியில் ஆடுவார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்குப் பொறி காசைக் கொடுத்தது, என்னிடம் பிடுங்கியது.

சரி, உன் கேள்வி. இந்தச் சுள்ளைத் தடுக்க ஒரு டையோடு வைக்கக்கூட மனசில்லாமல் செய்த போர்டு அது, பாராட்டவே கூடாது. ஆனால் சென்னைக் காற்றின் ஈரத்தில் உனக்கு இந்தத் தொல்லை எதுவும் வராது, ஏசியை இரவெல்லாம் ஓடவிட்டுக் கார்பெட்டில் நடக்காதவரை. வாங்கு. நான் இனிமேல் அதைத் தொடமாட்டேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். மூன்று போர்டு ஆர்டர் போட்டது இன்னும் மனைவிக்குத் தெரியாது.