நம் வீடா, மாணவர் வீடா, லேப்டாப்பா? ஒரு வயலின் டீச்சரின் கணக்கு

என்னிடம் முதல் பாடமான சரளி வரிசையில் ஆரம்பித்து, கச்சேரியில் வாசிக்கும் கிருதி வரை வந்த பெண் ஒருத்தி, இப்போது தானே வயலின் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். "வீட்டிலேயே வகுப்பு வைக்கட்டுமா, வீடு வீடாகப் போகட்டுமா, இல்லை ஆன்லைனே போதுமா மிஸ்?" என்று கேட்டாள். மூன்றையும் செய்து பார்த்தவள் என்பதால் எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை.

பள்ளிக்கூட வேலையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். மாதச் சம்பளம் நிச்சயம், சரி. ஆனால் 40 நிமிட பீரியடுக்கு 15 பிள்ளைகள் வயலினோடு வந்தால் மொத்தம் 60 தந்தி. சுருதி சேர்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

வீடு வீடாகப் போவதுதான் புதிதாக வருபவர்களுக்கு எளிதில் கிடைக்கும். கட்டணமும் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். ஆனால் மயிலாப்பூரிலிருந்து அடையாறு, அங்கிருந்து வேளச்சேரி என்று சாயங்கால நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தால், அந்தக் கூடுதல் காசு பாடத்துக்கு இல்லை, பயணத்துக்குத்தான் என்பது புரியும். பிள்ளை எந்த மூலையில் உட்கார்ந்து சாதகம் செய்கிறது, பெட்டிமேல் எத்தனை நாள் தூசி என்பதெல்லாம் நேரில் தெரிவது ஒரு லாபம். ஆனால் அங்கே நாம் விருந்தாளி. பக்கத்து அறையில் டிவி ஓடினால் நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருக்கும். காபி வேறு வந்துவிடும், அதில் ஐந்து நிமிடம் போகும்.

நம் வீட்டில் வகுப்பு வைத்தால் கூடத்தைச் சாயங்காலம் முழுக்க மறந்துவிட வேண்டும். மாடி வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். நன்றாக வாசிக்கத் தொடங்கும் நேரத்தில், "பத்தாவது வந்தாச்சு, ஒரு வருஷம் நிறுத்திக்கலாமா மிஸ்?" என்று அம்மா வந்து நிற்பார். அந்த ஒரு வருஷம் முடிந்து திரும்பி வருபவர்கள் குறைவு.

இத்தனைக்கும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் வாசலோரம் போட்டிருக்கும் பெஞ்ச். தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை உள்ளே நடக்கும் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை வாசிக்கும் வாண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பல படி தாண்டி வரும் மோகன ராக வர்ணத்தை முணுமுணுத்துக்கொண்டு செருப்பு மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி ஞானம் என்பது இதுதானே! அப்புறம், வில் பிடிக்கும் கை விறைத்துக்கொண்டால் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்திவிட ஒரு நொடி போதும். அதையே திரை வழியாகச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாதம் ஆகும்.

ஆன்லைன் என்றாலே முகம் சுளிக்கும் ஆள் இல்லை நான். வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது. அமெரிக்கப் பிள்ளைகள் பலர் நேரம் தவறுவதில்லை. அமெரிக்காவில் 1978-ல் தொடங்கிய கர்நாடக இசை விழாவான கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனையின் போட்டிகளை மனதில் வைத்து உழைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் நியூ ஜெர்சியில் மாலை 7 மணி என்றால் இங்கே விடிகாலை 4.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்ததும் 5.30 ஆகும்.

தொல்லை ஒலியில்தான். தம்பூரா விடாமல் ஒலிப்பதால், அதை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஜூம் விழுங்கிவிடும். நீளமாக இழுக்கும் வில்லுக்கும் சில சமயம் அதே கதி. செட்டிங்கில் போய் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டால்தான் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் கமகமாகக் கேட்கும். சத்தம் தாமதமாக வந்து சேருவதால் சேர்ந்து வாசிக்கவோ நான் தாளம் போடவோ வழியில்லை. நான் வாசித்து நிறுத்த, அவர்கள் தனியாக வாசிக்க வேண்டும். இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் இருக்கிறது. நேர் வகுப்பில் என் வயலினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளையின் அபஸ்வரம், இங்கே முதல் வரியிலேயே அகப்பட்டுவிடும்.

பனிக்காலத்தில் இன்னொரு கூத்து. ஹீட்டர் போட்ட வறண்ட வீட்டில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கும். ச-ப-ச-ப என்று சேர்த்து வைத்த நான்கு தந்தியும் தொளதொளவென்று தொங்கும். எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதனால் வீட்டில் பெரியவர் ஒருவர் சுருதி சேர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் நிபந்தனை. ஒரு அப்பா அப்படி ஆரம்பித்து, மகளுக்குப் போட்டியாக, தாளப் பயிற்சியான அலங்காரம் வரை பாடம் வந்துவிட்டார்.

அவளிடம் நான் சொன்னது இதுதான்: முதல் இரண்டு வருடப் பிள்ளைகளை நேரில் மட்டும் எடு, அதுவும் உன் வீட்டில். ஆரம்ப வரிசைகளுக்குப் பிறகு வரும் சின்னப் பாட்டான கீதம் தாண்டியவர்களை ஆன்லைனில் சேர்த்துக்கொள். பக்கத்தில் டீச்சரே இல்லாத ஊர் என்றால் மட்டும் விதிவிலக்கு. வீட்டுக்கு வரச் சொல்பவர்களில், நடந்து போகும் தூரத்துக்கு மேல் யாரையும் ஒத்துக்கொள்ளாதே.

டிசம்பரில் அவள் தொடங்கிவிட்டாள், விடிகாலை 5.30-க்கு இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. மார்ச்சில் அங்கே கடிகாரம் மறுபடி மாறியதும் அது 4.30 ஆகிவிடும் என்று சொன்னேனா, நினைவில்லை. இன்று போன் செய்ய வேண்டும்.