மோனோஷாக்கைக் காப்பது எது: டியூப் ஃப்ளாப்பா, நியோப்ரீன் உறையா?

கடலூர்–புதுச்சேரி சாலையில் தினம் பைக் ஓட்டுகிறவர்களின் குழப்பம் இது. மோனோஷாக் என்பது பைக்கின் பின்பக்கம் இருக்கும் ஒற்றை ஷாக் அப்சார்பர். ஃப்ளாப் என்பது அதற்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே திரைபோலக் கட்டும் டியூப் ரப்பர்; நியோப்ரீன் உறை என்பது ஷாக்கையே சுற்றி மூடும் செயற்கை ரப்பர் உறை. பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும் ஷாக்கின் தண்டில் படியும். தண்டு ஏறி இறங்கும்போது அந்த மணல் ஆயில் சீலை, அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, அரைத்துவிடும்.

செலவு: ஃப்ளாப்புக்குப் பஞ்சர் கடையில் கிடக்கும் பழைய டியூப்பும் நாலு கேபிள் டையும் போதும். உறையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மாட்டுவது: உறைக்கு வெல்க்ரோ, சுற்றி ஒட்டினால் முடிந்தது. ஃப்ளாப்பில்தான் வேலை. மேல் நுனியை மட்கார்டிலும் கீழ் நுனியைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலும் கட்டுங்கள். பின்சக்கரம் தொங்கும்படி வண்டியை நிறுத்திப் பாருங்கள். ரப்பர் விறைப்பாக இருந்தால் முதல் பள்ளத்திலேயே டை அறுந்துவிடும். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கிப் பாருங்கள். தொய்ந்த ரப்பர் டயரிலோ செயினிலோ உரசக் கூடாது.

நனைந்தால்: உறை சறுக்குவது இங்கேதான். ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். நம்மூர் உப்புக்காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்தாலும், சீல் கசிந்தாலும் கண்ணில் படாது. வாரம் ஒருமுறை கழற்றி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கும் பொறுமை வேண்டும். (அது எத்தனை பேருக்கு இருக்கிறது!) ஃப்ளாப்பை வண்டி கழுவும்போது தேய்த்துவிட்டால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் ஓட்டுபவருக்கு ஃப்ளாப்தான். இரட்டை ஷாக் வண்டியில் ஃப்ளாப்புக்கு வசதியான இடமில்லை, அதற்கு உறை.