நாட்டிலஸ் புல்லோவர் மெஷின்: யேட்ஸின் முதுகும் ஒரு விளம்பரக் கணக்கும்

முதுகுப் பயிற்சியில் எப்போதும் கைதான் முதலில் ஓய்ந்துபோகும். புல்-அப் ஆகட்டும், லாட் புல்டவுன் ஆகட்டும், ரோயிங் ஆகட்டும், எடை தொங்குவது உள்ளங்கையில். அது விங்ஸ் என்கிற லாட்ஸ், அதாவது முதுகின் இருபுறமும் விரியும் பெரிய தசைக்குப் போய்ச் சேர, நடுவில் முன்கையும் பைசெப்ஸும் தாக்குப்பிடிக்க வேண்டும். பிடி நழுவி செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) முடிகிற நேரத்தில் லாட்ஸில் இன்னும் மூன்று நான்கு ரெப்புக்கு (ஒருமுறை இழுத்து விடுவது ஒரு ரெப்) தெம்பு மிச்சம் இருக்கும். இந்த ஒரு சிக்கலைத் தீர்க்கத்தான் நாட்டிலஸ் புல்லோவர் மெஷினைச் செய்தார்கள். அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. சாம்பியன்களின் பெயரைச் சொல்லி அதன் தலையில் ஏற்றிய மற்ற பெருமைகளைத்தான் கொஞ்சம் சலித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் தள்ளுவது முழங்கையால். உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் மெத்தை வைத்த பேடுகளில் பதித்து, தலைக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை அரை வட்டத்துக்கும் மேல் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். கைகள் முன்னாலிருக்கும் கம்பியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மேல்கை எலும்பின் நுனியிலேயே எடை விழுவதால் பைசெப்ஸுக்கு இங்கே வேலையே இல்லை. லாட்ஸோடு தோளுக்குப் பின்னாலுள்ள டெரெஸ் மேஜர், மேல்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸின் நீண்ட தலை, நெஞ்சின் கீழ்ப்பகுதி எல்லாம் சேர்ந்து உழைக்கும். வயிற்றுத் தசையும் நன்றாக இறுகும். முதல்முறை செய்தவர்களுக்கு மறுநாள் வயிறு வலிப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு முக்கியமான பாகம் கேம். சுழல் வடிவச் சக்கரம். நாட்டிலஸ் என்ற பெயரே அதே பெயருள்ள கடல் உயிரியின் சுருள் ஓட்டின் வடிவத்திலிருந்து வந்தது. வட்டமான கப்பி என்றால் எடை முழுத் தூரமும் ஒரே அளவில் இழுக்கும். கேமின் ஆரம் இடத்துக்கு இடம் மாறுவதால், உடல் வலுவாக இருக்கும் கோணத்தில் சுமை கூடும், பலவீனமான கோணத்தில் குறையும். பெஞ்சில் படுத்து டம்பெல்லால் செய்யும் புல்லோவரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டம்பெல் தலைக்குப் பின்னால் இருக்கும்போது மலைபோல் கனக்கும். நெஞ்சுக்கு நேர் மேலே வந்ததும் லாட்ஸுக்குச் சுமை கிட்டத்தட்ட பூஜ்யம். மெஷினில் அந்தப் பாதியும் வீணாகாது. டம்பெல் புல்லோவர் விலா எலும்புக்கூட்டை அகலமாக்கும் என்ற பழைய நம்பிக்கையை இத்தோடு விட்டுவிடலாம். வளர்ந்து முடிந்தவர்களுக்கு எலும்பு அப்படி விரிவதில்லை.

இதைச் செய்தவர் ஆர்தர் ஜோன்ஸ், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்தவர். 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் மிஸ்டர் அமெரிக்கா பாடிபில்டிங் போட்டி நடந்தபோது மெஷினை அங்கேயே கொண்டுபோய்க் காட்டினார். அந்தப் போட்டியில் மூன்றாம் இடம் வந்த 18 வயது கேசி வியேட்டர் ஜோன்ஸிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, அடுத்த ஆண்டு 19 வயதில் பட்டத்தை வென்றார். இந்தப் பட்டத்தை அந்த வயதில் அதற்குமுன் யாரும் வென்றதில்லை. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மெஷினில் உட்காருவதற்கு முன்பே அவர் நாட்டில் மூன்றாவது ஆள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1973 மே மாதம் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் பெரிய விளம்பரம். ஜோன்ஸின் மெஷின்களில் பயிற்சி செய்து 28 நாளில் வியேட்டரின் எடை 45 பவுண்டு ஏறியது. கொழுப்பும் கரைந்ததால் தசை மட்டும் 63 பவுண்டு கூடியது என்று ஜோன்ஸ் கணக்குக் காட்டினார். கிட்டத்தட்ட 29 கிலோ! இந்தக் கணக்கில் ஓட்டை எங்கே என்பது வெளிப்படை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் விபத்தில் ஒரு விரலை இழந்து, போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் சாவின் விளிம்புக்குப் போய், பயிற்சியும் விட்டுப்போய் இளைத்திருந்தவர் அவர். இழந்த தசை திரும்புவது புதிய தசை வளர்வதைவிட எத்தனையோ மடங்கு வேகம். பழைய உடம்பை மீட்டதைப் புது உடம்பு செய்ததாக விற்றார்கள். வியேட்டர் அசல் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் 1982-இல் மூன்றாம் இடம் பிடித்தார். அதற்கு மெஷினுக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை.

வியேட்டர் வழியாக ஜோன்ஸின் கருத்துகள் இன்னொரு பாடிபில்டரான மைக் மென்ட்சருக்குப் போயின: குறைந்த செட், முழு முயற்சி, போதிய ஓய்வு. 1978 மிஸ்டர் யூனிவர்ஸில் 300 புள்ளி முழுசாக வாங்கிய மென்ட்சர், 1980 சிட்னி ஒலிம்பியாவில் பட்டம் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகருக்குப் போனபின் போட்டி மேடைக்குத் திரும்பவே இல்லை. 49 வயதில், 2001-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற முறையை எடுத்துக்கொண்டு மேடையில் நிரூபித்தவர் பிரிட்டிஷ் பாடிபில்டர் டோரியன் யேட்ஸ்.

பர்மிங்ஹாமில் நிலத்தடித் தளத்தில் இருந்த டெம்பிள் ஜிம்தான் யேட்ஸின் கோட்டை. 1992 முதல் 1997 வரை தொடர்ந்து 6 முறை மிஸ்டர் ஒலிம்பியா. அவர் திரும்பி நின்று முதுகை விரிக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தோற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த முதுகுப் பயிற்சியின் முதல் உடற்பயிற்சி புல்லோவர்: எடையைக் கூட்டிக்கொண்டே இரண்டு வார்ம்-அப் செட், பிறகு ஃபெயிலியர் வரை, அதாவது இன்னொரு ரெப் முடியாது என்கிற வரை, ஒரே ஒரு செட். அதற்கப்புறம் உள்ளங்கை தன்னைப் பார்க்கும் பிடியில் புல்டவுன், பிறகு ரோயிங் வகைகள், கடைசியில் டெட்லிஃப்ட். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. புல்லோவரில் லாட்ஸ் முதலிலேயே களைத்துவிடுகிறது, பைசெப்ஸ் புத்தம்புதிதாக இருக்கிறது. அடுத்த புல்டவுனில் களைத்த லாட்ஸை, களைக்காத பைசெப்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டும். வழக்கமாகக் கை முதலில் ஓய்வது இங்கே தலைகீழாகிறது.

1994-இல் யேட்ஸுக்கு இடது பைசெப்ஸ் கிழிந்தது. கிழிந்தது இந்த மெஷினில் இல்லை. உள்ளங்கை மேல்நோக்கிய பிடியில் கனமான பார்பெல் ரோ செய்தபோது. அந்தப் பிடியில் கை நீண்டு தொங்கும் நிலையில் முழு எடையும் பைசெப்ஸின் கீழ்த் தசைநாணில் விழும். புல்லோவரில் அந்த ஆபத்து அமைப்பிலேயே இல்லை. மெஷினுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிகவும் கனமான வாதம் இதுதான் என்பேன், ஏனோ விளம்பரங்களில் இது வந்ததில்லை. 1997-இல் ட்ரைசெப்ஸும் கிழிந்து, அப்படியே மேடையேறி வென்று, அத்தோடு யேட்ஸ் விலகினார். ஸ்டீராய்டு பயன்படுத்தியதை அவர் பின்னாளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அவர் முதுகைப் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள் அந்தப் பேட்டிகளையும் பார்ப்பது நல்லது.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு பெயர் போதும்: ரோனி கோல்மேன். 1998 முதல் 2005 வரை 8 மிஸ்டர் ஒலிம்பியா பட்டம். டெக்ஸஸின் மெட்ரோஃப்ளெக்ஸ் ஜிம்மில் அவர் முதுகைக் கட்டியது டெட்லிஃப்ட், பார்பெல் ரோ, டி-பார் ரோவால். டெட்லிஃப்டில் 800 பவுண்டை இரண்டு முறை தூக்கினார். பெரிய முதுகுக்கு இந்த மெஷின் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அவர் படத்தைக் காட்டலாம். அவருக்குப் பின்னாளில் முதுகெலும்பில் நடந்த அறுவைச் சிகிச்சைகளையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

இனி உட்காரும் முறை. இந்த மெஷினைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் இருக்கையைச் சரிசெய்யாமல் உட்கார்ந்தவர்கள். பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்க்கட்டும்: தோள் மூட்டின் மையமும் கேம் சுழலும் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, எடை குறைவாக வைத்து முழுத் தூரமும் ஒருமுறை சுழற்றுவது. முழங்கை பேடில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் சரி. மேலும் கீழுமாக வழுக்கினால் உயரம் தப்பு. முழங்கைத் தோல் உரிந்து சிவந்திருப்பதும் இதன் அடையாளமே. குள்ளமானவர்களுக்கு இருக்கையை முழுதாக உயர்த்தினாலும் எட்டாமல் போகலாம். அடியில் ஒரு கெட்டியான மெத்தை வைத்தால் தீரும்.

பெல்ட்டை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் குறுக்கே இறுக்க வேண்டும். அது தளர்வாக இருந்தால், எடை கூடும்போது மெஷின் ஆளைத் தூக்கும், கீழ்முதுகு வில்லாக வளையும். பிறகு இரண்டு காலாலும் பெடலை அழுத்தினால் கம்பி முன்னால் வரும். முழங்கைகளைப் பேடில் வைத்துக்கொண்டு பெடலை மெல்ல விட வேண்டும். இந்த 'மெல்ல' என்பதுதான் உயிர். பெடலைச் சட்டென்று விட்டால் முழு எடையும் தலைக்குப் பின்னால் கையை வெடுக்கென்று இழுக்கும். தோள் மூட்டுக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது. செட் முடிந்ததும் முதலில் பெடல், பிறகே முழங்கையை எடுப்பது. களைப்பில் இந்த வரிசையை மாற்றுகிறவர்களுக்குத்தான் தோள்வலி வருகிறது.

இழுப்பது 2 விநாடி, கம்பி வயிற்றைத் தொட்ட நிலையில் 1 விநாடி, திரும்ப விடுவது 4 விநாடி. 8 முதல் 12 ரெப். 12-ஐச் சுத்தமாகத் தொட்டதும் அடுத்த முறை எடையை 5% அளவுக்கு ஏற்றலாம். விரல்களைத் திறந்தே வையுங்கள். கம்பியை இறுக்கிப் பிடித்த கணமே ட்ரைசெப்ஸ் புகுந்துகொள்ளும், மெஷினுக்குக் கொடுத்த காசு வீண். பின்னால் எவ்வளவு தூரம் போவது என்பது அவரவர் தோளைப் பொறுத்தது. கை காதைத் தாண்டும்போது தோளின் முன்பக்கம் குத்தினால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஏற்கனவே தோள் நழுவிய வரலாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதில் உட்காரக்கூடாது.

வாங்குவதாக இருந்தால் பழைய, சங்கிலி வைத்த நாட்டிலஸ் பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் கிடைக்கும். இரும்பு இரும்பாகவே இருக்கும். கெட்டுப்போவது அசையும் பாகங்கள். முதலில் உராய்வைப் பாருங்கள். 50 கிலோ வைத்து 10% உராய்வு இருந்தால் தூக்கும்போது 55 போலவும் இறக்கும்போது 45 போலவும் இருக்கும். அதாவது தசைக்கு நன்றாகப் பயன்படும் இறக்கும் பகுதியிலேயே சுமை குறைந்துவிடுகிறது. ஒரே ஒரு தகட்டில் பின்னைச் செருகி, பாதிவரை தூக்கி, கையைத் தளர்த்துங்கள். தகடு தானாக வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் தொங்கி நின்றால் வழிகாட்டிக் கம்பிகள் காய்ந்திருக்கின்றன அல்லது வளைந்திருக்கின்றன. காய்ந்தவை துடைத்து சிலிகான் ஸ்பிரே அடித்தால் சரியாகும், கிரீஸ் தடவினால் தூசி சேர்ந்து ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். வளைந்தவற்றை மாற்றத்தான் வேண்டும்.

சங்கிலியில் மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கேமின்மேல் ஏறும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று உதைத்தால் அது அங்கேதான் இருக்கிறது. கைக்கம்பியின் எதிர்எடை கழற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாத மெஷினில் எடையே வைக்காவிட்டாலும் கம்பி தானாகச் சரியும். பேடு கிழிந்திருப்பது பொருட்டே இல்லை, தைத்துக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் சங்கிலிக்குப் பதில் பெல்ட் வந்தது, ஓட்டம் மென்மையானது. ஜோன்ஸின் மகன் கேரி ஜோன்ஸ் தொடங்கிய ஹேமர் ஸ்ட்ரெங்த் போன்றவை தகடு மாட்டும் வகையைச் செய்தன. அதில் பராமரிப்பு மிகக் குறைவு, ஆனால் ஒவ்வொரு செட்டுக்கும் தகடு மாற்ற வேண்டும், ஒரு செட் முடிந்த சூட்டிலேயே எடை குறைத்துத் தொடர்வது சிரமம். எந்த நிறுவனத்துடையதானாலும் கடைசிக் கால் பங்குத் தூரத்தைச் சோதியுங்கள். நடுவில் சுலபமாக ஓடி, இடுப்பருகே வந்ததும் சுவரில் மோதியது போல நின்றால் அந்தக் கேம் சரியில்லை. அதில் எல்லா ரெப்பும் பாதி ரெப்பாகவே முடியும்.

மெஷின் கிடைக்காதவர்களுக்குக் கேபிளில் கையை நீட்டியபடி செய்யும் புல்டவுன் ஓரளவு ஈடுகொடுக்கும். பைசெப்ஸ் ஒதுங்கும் என்ற பயன் அதிலும் உண்டு. கனமான எடையில் ஆளையே கேபிள் இழுத்துக்கொண்டு போவதும், ட்ரைசெப்ஸ் முந்திக் களைப்பதும் அதன் குறைகள். 12 முதல் 15 ரெப்புக்குள் அடங்கும் எடையில் முதுகுப் பயிற்சியின் முதலிலேயே அதைச் செய்தால் யேட்ஸின் வரிசை அப்படியே பொருந்தும். வீட்டு மூலையில் வைக்க ஒரே ஒரு மெஷின் தேடுகிறவர்கள் புல்லோவரை வாங்க வேண்டாம். இடத்தை அடைக்கும், ஒரே ஒரு அசைவுக்குத்தான் உதவும். ரோயிங்கும் டெட்லிஃப்ட்டும் ஏற்கனவே இருக்கிற ஜிம்முக்கு, முழங்கை வலியாலோ பைசெப்ஸ் காயத்தாலோ இழுக்கும் பயிற்சிகளை நிறுத்திவைத்திருப்பவர்கள் வருகிற ஜிம்முக்கு, இது தயங்காமல் வாங்கக்கூடிய சாமான்.