மலையக வண்டிகளுக்கு ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர்: வாங்கலாமா?

கினிகத்தேனை ஏற்றத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், கராஜில் முதலில் காதில் விழுவது 'ஹெட் கெஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும்' என்பதுதான். பல நேரம் குற்றவாளி ரேடியேட்டர் மூடி. ஹெட்டைக் கழற்றாமலே இரண்டையும் பிரித்தறிய உதவும் கருவிதான் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர்: ஒரு கைப்பம்பு, அழுத்தமானி, வெவ்வேறு கழுத்துகளுக்கான அடப்டர்கள். நாம் பார்ப்பது பிரபல பிராண்ட் எதுவுமில்லாத சீனப் பெட்டியை.

மூடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல ஜப்பானியக் கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95ஐ ஒட்டித்தான். அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். 0.9 என்று (ஏறக்குறைய 0.9 பார் அழுத்தம்) பொறித்த மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் வெறுந்தண்ணீர்கூட அங்கே 115 வரை தாங்கும். ஸ்பிரிங் சோர்ந்த மூடியோ கொழும்பில் எப்படியோ சமாளித்துவிட்டு, நானுஓயா தாண்டியதும் பொங்கவைக்கும். எஞ்சினில் ஒரு பழுதும் இருக்காது.

பெட்டியின் காசுக்கு ஈடு இந்த மூடிச் சோதனை மட்டுமே போதும். மூடியின் ரப்பரை நனைத்து, இருமுனை அடப்டரில் பூட்டி, பம்ப் அடியுங்கள். 0.9 மூடி ஏறக்குறைய 13 பி.எஸ்.ஐ.யிலும், 1.1 மூடி 16இலும் காற்றை விட வேண்டும். 7, 8இலேயே சீறினால் தூக்கிப் போடுங்கள். எஞ்சின் ஆறும்போது தண்ணீரைத் திரும்ப ரேடியேட்டருக்குள் விடும், மூடியின் நடுவிலுள்ள சின்ன வெற்றிட வால்வை இந்தக் கருவி சோதிக்காது. அதை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கசிவு பார்ப்பது ஆறிய எஞ்சினில் மட்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியின் அளவு வரை அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விடுங்கள். அளவைத் தாண்டினால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பிளந்துகொள்ளும். முள் இறங்கினால் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சின்னத் துளை, முன் சீட்டுக் கால்விரிப்பின் ஈரம் என்று தேடுங்கள். கால்விரிப்பு நனைந்திருந்தால் ஹீட்டர் ஓட்டையாக இருக்கலாம்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தம் இருக்கும்போதே ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதோ அந்த சிலிண்டருக்குள்தான் கசிகிறது. இன்னொரு வழி: பம்ப் அடிக்காமல் டெஸ்டரை மாட்டி, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்வது. தண்ணீர் சூடாகுமுன், ஒரு நிமிடத்துக்குள் முள் விறுவிறுவென ஏறினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. உடனே எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை விடுங்கள். கெஸ்கட் என்ற பேச்சு அப்போதுதான் எடுபடும்.

பெட்டியின் பெரிய குறை, அதுவே கசிவது. விரைவு இணைப்பின் ஓ-ரிங் மட்டமான ரப்பர். வண்டியில் மாட்டுமுன் இணைப்பை வெறுமையாக விட்டு 15 வரை அடித்து, ஐந்து நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் நல்ல ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. கூடவே வரும் அடப்டர்களில் பாதி நம் ரோட்டில் ஓடாத வண்டிகளுக்கானவை. உங்கள் மூடியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

தேர்மோஸ்டாட், ஃபேன், அடைபட்ட ரேடியேட்டர் பற்றி இது வாயே திறக்காது. நின்ற இடத்தில் சூடேறினால் ஃபேனைப் பாருங்கள். ஏற்றத்தில் மட்டும் சூடேறினால், ஓடைத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் துருவேறிய ரேடியேட்டர் மீதுதான் முதல் சந்தேகம்.

ஒற்றைக் கார் வைத்திருப்பவர் புது மூடி ஒன்று வாங்கினாலே போதும். வேன் ஓட்டுபவர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் நட்டமில்லை. டொயோட்டா அக்வா போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அவற்றில் இன்வர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று இருக்கிறது, டெஸ்டரை அதில் மாட்டிவிடாதீர்கள். எஞ்சின் சுழல்வதைக் கணினி தீர்மானிப்பதால் பிளக் கழற்றும் சோதனையும் அவற்றில் வீட்டில் செய்கிற வேலை அல்ல.