யூனிஃபார்முக்கு முன்னால் ‘ஆன்’ போடச் சொன்ன கோச்சிங் சென்டர்

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, பிள்ளையின் இங்கிலீஷுக்குப் பணம் கட்டி ஏமாந்தேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வாங்கிய ஊர் இது.

மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். மே லீவில் ஒரு நோட்டீஸ் வந்தது: அடிப்படை இலக்கணம், பள்ளிக்கூடம், சாப்பாடு பற்றிய வார்த்தைகள், எல்லாம் 20 நாளில் ரிவிஷன், பேட்ச்சுக்கு 10 பேர்தான். வண்ணார்பேட்டையில் ஒரு மாடி. பீஸ் 4,500, புத்தகத்துக்குத் தனியாக 600. போய்ப் பார்த்தால் 37 பிள்ளைகள். டீச்சர் மூன்று நாள் வந்தார். அப்புறம் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி டிவியில் வீடியோவைப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு என்ன சம்பளமோ.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஒர்க்புக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். சாப்பாட்டுப் பாடம் முழுக்கப் போரிட்ஜும் மஃபினும். ‘நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய்?’ என்ற கேள்விக்கு மகள் ‘ஐ ஏட் ரைஸ் அண்ட் சொதி’ என்று எழுதியிருந்தாள். சொதியை அடித்துவிட்டு மேலே ‘சூப்’ என்று திருத்தியிருந்தது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் போட்டு இஞ்சிச்சாறு விட்ட சொதி, சூப்பாம்! இட்லியும் தோசையும் அதே பெயரில் ஆங்கில அகராதிக்குள் போயாகிவிட்டது, சொதி சொதியாகவே இருந்தால் என்ன?

அடுத்த பக்கம்தான் பெரிய கூத்து. ‘திஸ் இஸ் ஏ யூனிஃபார்ம்’ என்று மகள் சரியாக எழுதியதைச் சிவப்பு மையில் சுழித்து ‘ஆன்’ ஆக்கியிருந்தது. ஆங்கிலத்தில் ‘யூ’ (U) உயிரெழுத்தாம், அதனால் ‘ஆன்’ வர வேண்டுமாம். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு சார்வாள் ஒருவர் இருக்கிறார். பார்த்ததும், “ஏட்டி, நீ எழுதுனதுதான் சரி. தமிழ்ல எழுதிப் பாரு” என்றார். எழுதினாள். யூனிஃபார்ம், ‘யூ’வில் தொடங்குகிறது, உயிர்மெய். அதனால் ‘ஏ’. ஒரு மணி நேரத்துக்கு ‘அவர்’, அ உயிர், அதனால் ‘ஆன்’. எம்.எல்.ஏ.வுக்கும் ‘ஆன்’தான். ஸ்பெல்லிங்கைப் பார்க்காதே, காதால் கேள் என்கிற சங்கதி. முட்டையை, அதாவது ‘எக்’கை, நாம் ‘யெக்’ என்று சொல்லித் தொலைப்பதால் அதில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும், அதற்கு ‘ஆன்’தான். ‘ஒன்’ என்று எழுதினாலும் வாயில் வருவது ‘வன்’, அதனால் ‘ஏ’.

இன்னும் இருக்கிறது. ‘ஹவ் மெனி ரைஸ் டூ யூ வான்ட்?’ என்று மாதிரி வாக்கியம். சோற்றைப் பருக்கை பருக்கையாகவா எண்ணிப் போடுவார்கள்? ‘ஹவ் மச்’ என்றல்லவா வர வேண்டும். ‘டிட் யூ வென்ட் டு ஸ்கூல்’ என்றும் ஒன்று. ‘டிட்’ வந்தால் ‘கோ’ போதும் என்பது என் மகளுக்கே தெரிந்திருந்தது.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். “அண்ணாச்சி, ஒரு எழுத்துக்குப் போயி இவ்வளவு தூரமா?” என்று சிரித்தார் நடத்துகிறவர். ரிசீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: கட்டிய பணம் திரும்பத் தரப்படாது. அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரலாமாம்.

1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்திருக்கிறேன். சரிப்படவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நோட்டீஸையும் ரிசீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சேர்க்கும் முன் ஒர்க்புக்கைக் கையில் வாங்கி நாலு பக்கம் புரட்டுங்கள். தரமாட்டேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. இப்போது சார்வாள் வீட்டுத் திண்ணையில் அதை வைத்துத்தான் ரிவிஷன் நடக்கிறது.

நேற்று அந்த வழியாகப் போனேன். காலாண்டு லீவுக்குப் புது பேட்ச் என்று அதே பேனர் தொங்குகிறது. பீஸ் மட்டும் 5,000 ஆகியிருக்கிறது.